பின்வாசல் பாய்

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கொல்லைப்புறம் எங்கே என்று கேட்கிற ஒருவரை எனக்குத் தெரியும். திருவண்ணாமலையில் போளூர் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் பார்த்தால் பாய். நகர்ந்த பிறகு பின்வாசல் பாய். அந்தப் பட்டப்பெயர் அவர் காதில் விழுந்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். நல்ல பெயர்தானே என்று சிரித்திருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது குரங்குகளால். அடி அண்ணாமலை தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அறையும் சமையற்கட்டுமாக வாடகைக்கு எடுத்திருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. குடிவந்த மூன்றாம் நாள், நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வந்த குரங்குகள் அரிசி, பருப்பு, என் ஒரே முகக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு வழி பண்ணிவிட்டுப் போயின. ஜன்னலுக்குக் கம்பி போட ஆள் கேட்டேன். மறுநாள் காலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். கட்டம் போட்ட கைலி, முழங்கை வரை தீப்பொறி பட்ட புள்ளிகள், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. ஜன்னலைத் தாண்டி நேராகக் கொல்லைக்கு நடந்தார்.

"ஜன்னல் இங்க இருக்குதுங்க பாய்" என்றேன்.

"ஜன்னல் எங்க ஓடிப்போவுது டீச்சரம்மா? இருக்கட்டும். குப்பைய எங்க கொட்றீங்க?"

"எதிர்ல, கால்வாய் ஓரமா."

"காய்த்தோலு, சாம்பலு எல்லாம் ஒண்ணாவா?"

ஆமாம் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. நான் ஏதோ நகையைச் சாக்கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னதுபோல இரண்டு மூன்று முறை 'த்சு' கொட்டினார். பிறகுதான் ஜன்னலுக்கு வந்து அளவெடுத்தார். கம்பி நன்றாகத்தான் போட்டார். போகும்போது என் விறகடுப்புச் சாம்பலை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். இவருக்கு மூளை கொஞ்சம் பிசகு என்று நினைத்துக்கொண்டேன்.

பிசகு இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை விட்டு அவரால் இருக்க முடியாது. ஓட்டலில் இட்லி தின்றால் கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்ச் சமையல்காரரிடம் "இத எங்க கொட்டுவீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். எண்ணெய்ச் செக்கு, மர அறுப்பு மில், அச்சாபீஸ், எதுவானாலும் முன்பக்கம் அவருக்கு அலுப்பு. "முன்பக்கம் அவங்க நமக்குக் காட்றது டீச்சரம்மா. பின்பக்கம்தான் அவங்க இன்னா பண்றாங்கன்னு சொல்லும்" என்பார். தீபத் திருவிழாவுக்கு லட்சம் பேர் மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இவர் மறுநாள் தெருவெல்லாம் கிடக்கப்போகிற தேங்காய் ஓட்டுக்கு யாரிடம் சொல்லிவைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் குணத்தால் அவர் மனைவி பட்ட பாடு உண்டு. அந்த அம்மாளைத் தெருவே பாயம்மா என்று கூப்பிடும். குள்ளமாக, உரத்த குரலோடு, எதையும் சிரித்துக்கொண்டே திட்டுகிற பெண்மணி. மகளுக்கு வரன் பார்க்க வந்தவாசிப் பக்கம் போன கதையை அவர் சொல்லித்தான் நான் கேட்டேன்.

"மாப்ள வூட்ல கம்பளம் விரிச்சி, ரோஸ் சர்பத் குடுத்து உக்காத்தி வெச்சிருக்காங்க. இந்த மனுசனக் காணோம். எங்கடான்னு பாத்தா கொல்லையில கோழிக்கூண்டுகிட்ட நிக்கிறாரு. அந்த வூட்டுக் கெழவரு, பாவம், இன்னா தேட்றீங்கன்னு கேக்கறாரு. இவரு, 'ராத்திரி சோறு இம்மாம் கொட்டிக் கெடக்குதே, தெனம் இப்படித்தானா?'ன்னு கேக்கறாரு டீச்சரம்மா! நான் சர்பத்த முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. இரண்டாவது வீட்டில் கொல்லையில் வாழையும் கீரையும் இருந்தன. சமையற்கட்டுத் தண்ணீர் வாய்க்கால் பிடித்து அதற்குப் பாய்ந்தது. பாய் பெண்ணைப் பெற்றவர் என்பதை மறந்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அங்கேயே சலாம் வைத்தாராம். மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்த்தாரா என்பது பாயம்மாவுக்குக் கடைசி வரை சந்தேகம்தான். மாப்பிள்ளை தங்கமான பையனாக அமைந்தது அவருடைய நல்ல காலம்.

சாம்பல் கதையும் பாயம்மாவிடமிருந்துதான் தொடங்குகிறது. பட்டறைக்கு எதிர்ச் சாரியில் ஓர் அரிசி மில். நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமியைத்தான் எரிப்பார்கள். அந்தக் கறுப்புச் சாம்பலை மில்லுக்குப் பின்னால் மலைபோல் குவித்துவைப்பார்கள். காற்றடித்தால் தெரு முழுக்கப் பறக்கும். ஒரு ஆடி மாதம் அது பாயம்மா கண்ணில் விழுந்து, கண் வீங்கி, வேலூர் வரை போய்க் காட்ட வேண்டியதாயிற்று. பாய் கொதித்துப் போனார். மில்காரரை இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பாயம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று காத்திருந்தார்.

அரை மணி கழித்து பாய் திரும்பி வந்தார், சைக்கிள் கேரியரில் இரண்டு மூட்டை சாம்பலோடு.

"சண்ட போடப் போனவரு மூட்ட தூக்கிகினு வர்றாரு! கேட்டா, 'சும்மாவே குடுத்தாம்மா, எவ்ளோ வேணா எடுத்துக்க சொல்லிட்டான்'னு பல்லக் காட்றாரு" என்று பாயம்மா அடித்துக்கொண்டார்.

அவருக்கு அந்தச் சாம்பல் எதற்கு என்றால், பட்டறைக்குப் பின்னால் அவரிடமே ஒரு கொட்டும் குழி இருந்தது. அந்தக் காலத்தில் கேஸ் வெல்டிங் என்றால் கார்பைடு கல்லைத் தண்ணீர் டிரம்மில் போட்டு வாயு எடுப்பார்கள். வாயு போனபிறகு மிஞ்சுவது சுண்ணாம்புக் கூழ்போல ஒரு வெள்ளைக் கசடு. பூண்டு அழுகினமாதிரி நாறும். ஊரிலுள்ள கொல்லைகளுக்கெல்லாம் கேள்வி கேட்கிற மனிதர் தன் கொல்லையில் இப்படியொரு குழியை வைத்துக்கொண்டிருப்பது அவருக்கே உறுத்தல். நாற்றம் அடங்கட்டும் என்று சாம்பலைக் கொண்டுவந்து குழியில் கொட்டினார். மழைக்காலம் முழுக்கக் கொட்டினார். தை மாதம் குழியைத் தூர் வாரலாம் என்று கடப்பாரையைப் போட்டார். கணீர் என்று சத்தம் வந்து கடப்பாரை திரும்பி எகிறியது.

அதை அவர் எனக்குச் சொல்லும்போதெல்லாம் கடப்பாரையைப் பிடித்தமாதிரி இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எகிறின வேகத்தில் இரண்டடி பின்னால் குதித்துக் காட்டுவார். "கணீர்னுச்சு டீச்சரம்மா! கோயில் மணி மாதிரி. அவங்க கழிவும் என் கழிவும் ரெண்டும் சேர்ந்து கல்லாப் பூட்ச்சு!"

சிமென்ட் என்பது கண்ணால் காண முடியாத பண்டமாக இருந்த நாள் அது. பர்மிட் வேண்டும். பர்மிட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். வீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமே முடித்துவிடுவார்கள். அதனால் பாய் தன் குழியில் கண்டுபிடித்ததை லேசாக விடவில்லை. சாம்பலையும் காயவைத்த கசடையும் கலந்து கற்களாக வார்த்தார். பார்க்க நன்றாக இருந்தன. தண்ணீரில் போட்டதும் பிஸ்கட்டாகக் கரைந்தன. மாதக்கணக்கில் இதே கதை. குழியில் கல்லானது கையில் ஏன் ஆகவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. பாயம்மா அந்தக் கற்களை வைத்துக் கோழிக்கு வேலி கட்டினார். முதல் தூறலில் வேலி கூழானது.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்காரர் வந்தார். என் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரர். அறுபதுக்கு மேல் வயது. காலையில் ஆசிரமத்துக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார்வார், மாலையில் மலையைப் பார்த்துக் கண்ணைத் திறந்து உட்கார்வார். யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. அவர் சைக்கிளின் பிடி உடைந்துபோய், வெல்டிங் செய்ய இடம் கேட்டு என்னிடம் வந்தார். நான் பட்டறைக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்த தட்டுத்தடுமாறும் ஆங்கிலம்தான் இருவருக்கும் நடுவில் பாலம்.

பாய் பிடியை ஒட்டிக்கொடுத்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தார். "அவரு ஊர்ல இன்னா வேல பாத்தாருன்னு கேளுங்க."

கேட்டேன். அந்த மனிதர் தயங்கினார். பிறகு சொன்னார். நாற்பது வருடம் சிமென்ட் ஆலையில் வேலை. அதை மறக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாய் அவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கரைந்துபோன கற்கள், சாம்பல் மூட்டை, கசடு, கடப்பாரை எகிறிய குழி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த மனிதர் சாம்பலை விரலிடுக்கில் எடுத்துத் தேய்த்தார். கசடை முகர்ந்து முகம் சுளித்தார். பிறகு சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் நாட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் மிஞ்சுகிற கசடை அப்பன் காலத்திலிருந்தே சிமென்ட்டில் போடுகிறோம் என்றார். ஆலைக்காரர்கள் அதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, இவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல் என்றார்: அரைக்கணும். கண்மை மாதிரி அரைக்கணும். குழிக்கு ஒரு மழைக்காலம் முழுக்க நேரம் இருந்தது. மனிதனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் அரைத்துத்தான் ஆக வேண்டும்.

பாய்க்கு அது போதும். காலியான தார் பீப்பாய் ஒன்றைப் படுக்கவைத்து அச்சு கொடுத்தார். பஸ் டிப்போவின் பின்பக்கம் அவருக்குத்தான் மனப்பாடமாயிற்றே. தேய்ந்துபோன பேரிங்கிலிருந்து இரும்புக் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து பீப்பாயில் போட்டார். வயலில் தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் எஞ்சினை இணைத்துச் சுற்றவிட்டார். சாம்பல் இரண்டு பங்கு, கசடு ஒரு பங்கு. காலையில் ஓட்டினால் மாலை வரை தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோலச் சத்தம். ஜெர்மன்காரர் தியானம் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அந்தச் சத்தத்தில்தான் தனக்கு மனம் அடங்குகிறது என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அரைத்த மாவில் செய்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஒரு மாதம் வைத்தார்கள். எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார் பாய். கல் உடையவில்லை. தரை உடைந்தது. பாயம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். ஜெர்மன்காரர் அது வாழ்த்து என்று நினைத்துக் கைகூப்பினார்.

ஒரே ஒரு குறை. அந்தச் சிமென்ட் காக்கைக் கறுப்பு.

இனி என் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரு புளியமரமும், அதன் பக்கத்தில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடமும். ஊர்க்காரர்கள் செங்கல்லை மண் சாந்தில் வைத்து நான்கு சுவர் எழுப்பி, மேலே ஓடும் போட்டுவிட்டார்கள். பூசவும் தரை போடவும் சிமென்ட் இல்லை. பூசாமல் விட்டால் அடுத்த மழைக்கு மண் கரைந்து சுவர் உட்கார்ந்துவிடும். ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. மழை வந்தால் விடுமுறை, வெயில் வந்தால் மரத்தின் நிழலோடு நாங்களும் நகர்வோம். அந்தச் சித்திரையில் மேலேயிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது கட்டடம் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மிச்ச மானியமும், எங்களுக்கென்று ஒதுக்கிய இரண்டாவது ஆசிரியர் பணியிடமும் வேறு ஊருக்குப் போய்விடும். பர்மிட் சிமென்ட் எப்போது வரும் என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டேன். மழை எப்போது வரும் என்று கேட்டதுபோல வானத்தைப் பார்த்தார்கள்.

பாயிடம் போய்ச் சொன்னேன். எங்கள் பள்ளிக்காகவே இவ்வளவு நாளும் அரைத்துக்கொண்டிருந்தவர்போல எழுந்தார். "ரெண்டு மாசம் இருக்குதில்ல? பூசிடலாம் டீச்சரம்மா. ஆனா மூணு வாரம் தண்ணி ஊத்திகினே இருக்கணும். இது மெதுவாத்தான் புடிக்கும். ஆனா புடிச்சா உடாது."

ஊர்த் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பிடி மாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதறினார். "இன்னா பாய், பள்ளிக்கூடம் பூசச் சொன்னா சுடுகாட்டுச் சாம்பலாட்டம் எத்தையோ கொண்டாந்திருக்க? சின்னப் பசங்க உக்கார்ற எடம். கருப்பா இருந்தா எவன் ஒத்துக்குவான்?"

"செவுத்துக்கு வேணாம் தலைவரே. ஒங்க வூட்டுக்குப் பின்னாடி மாட்டுத் தொட்டி ஒழுவுதில்ல?"

தலைவர் வீட்டு மாட்டுத் தொட்டி நெடுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் இருபது குடம் ஊற்றினால் பத்துக் குடம் மண்ணுக்குப் போகும். ஊற்றுகிறவர் தலைவரின் மனைவி. அதை பாய் எப்போது பார்த்துவைத்தாரோ தெரியாது. யாரும் கேட்காமலேயே கறுப்புச் சாந்தால் தொட்டியின் உட்புறத்தைப் பூசினார். மூன்று வாரம் ஈரச் சாக்குப் போட்டுக் காத்தார். பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் தண்ணீர் அதே விளிம்பில் நின்றது. அன்று மாலையே தலைவரின் மனைவி பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் சொன்னார்: "நீங்க பூசச் சொல்லுங்க டீச்சர். அவரு இன்னா சொல்றாருன்னு நான் பாத்துக்கறேன்."

ஒரு வாரத்தில் நான்கு சுவரும் தரையும் பூசியாயிற்று. மூன்று வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டுமே! கோடையில் கிணறு பாதாளத்தில் இருந்தது. தலைவரின் மனைவி தலைமையில் ஊர்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, தங்கள் வீட்டுக்கு ஒரு நடை, பள்ளிக்கு ஒரு நடை என்று குடம் சுமந்தார்கள். பாய் தினமும் சைக்கிளில் வந்து சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்ப்பார். "புடிக்குது, புடிக்குது" என்பார், நாடி பார்க்கிற வைத்தியர்போல. எனக்கு மட்டும் தூக்கமில்லை. அரசாங்கக் கட்டடத்தில் அரசாங்கம் கேள்விப்படாத ஒரு சரக்கைப் பூசச் சொல்லியிருக்கிறேன். வேலை போனால் ஆரணியில் அப்பாவிடம் என்ன சொல்வது?

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பிள்ளைகள் முதல் முறையாகக் கட்டடத்துக்குள் வந்து, சத்தம் போடாமல் நின்றார்கள். உள்ளே நல்ல குளிர்ச்சி. சுவர்கள் வழவழவென்று கறுப்பாக மின்னின. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஸ்லேட்டு, அது எப்போதும் அண்ணனிடம். அவள் என் மேசையிலிருந்த சாக்குக்கட்டித் துண்டை எடுத்துச் சுவரில் மெல்ல 'அம்மா' என்று எழுதினாள். வெள்ளை வெளேர் என்று விழுந்தது. எழுதிவிட்டு, அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். அந்த எழுத்தைப் பார்த்ததும் சாக்குக்கட்டிப் பெட்டி முழுவதையும் எடுத்துப் பிள்ளைகள் நடுவில் வைத்தேன்.

மதியத்துக்குள் கைக்கு எட்டுகிற உயரம் வரை நான்கு சுவரும் நிறைந்துவிட்டது. வாய்ப்பாடு, பேர், மாடு, மலை, பஸ். ஐந்து வகுப்பும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். ஒரு சுவருக்கு ஒரு வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்குத் தரை.

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். கையில் குடை, அக்குளில் பதிவேடு. பாய் அப்போது கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த ஆய்வாளர் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு நின்றுபோனார்.

"யாரு சுவத்துல எழுதினது?"

"நாங்க எல்லாரும் சார்!" என்று மொத்தப் பள்ளியும் ஒரே குரலில் சொன்னது.

அவர் என் பக்கம் திரும்பினார். "இது என்ன பூச்சு டீச்சர்? சிமென்ட் பர்மிட் இன்னும் வரலைன்னு சொன்னாங்களே?"

பாய் ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "சார், இது அரிசி மில்லுல கொட்ற சாம்பலு. இது என் பட்டறையில கொட்ற கசடு. ரெண்டையும் அரச்சிப் பூசியிருக்குது."

"குப்பையக் கொண்டுவந்து பூசியிருக்கீங்களா?"

"கொட்ற வரைக்கும்தான் சார் குப்ப. இப்ப சிமென்ட்டு. பர்மிட் இல்லாத சிமென்ட்டு."

போயிற்று என் வேலை என்று நினைத்தேன். ஆய்வாளர் பையிலிருந்து சாவியை எடுத்துச் சுவரைக் கீறினார். சாவியின் பித்தளைதான் சுவரில் கோடாக ஒட்டியது. குடையின் இரும்பு முனையால் ஓங்கிக் குத்தினார். குடை வழுக்கிக்கொண்டு போனது. பிறகு உட்கார்ந்து, பதிவேட்டைப் பிரித்து, ஒவ்வொரு கேள்வியாக வாயால் படித்துக்கொண்டே எழுதினார்.

"கட்டடம் முடிந்ததா... முடிந்தது. கதவு... உண்டு." பேனா நின்றது. நிமிர்ந்து சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். "கரும்பலகை... எத்தனை?"

எனக்குத் தெரிந்து அந்த ஒன்றியத்திலேயே பாதிப் பள்ளிகளில் அந்த இடத்தில் 'இல்லை' என்றுதான் இருக்கும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நான்கு" என்று எழுதினார். எழுதிவிட்டு உதட்டோரம் சிரித்ததை நான் பார்த்தேன். பாய் வெளியே போய்ப் புளியமரத்தடியில் கைலி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆடி பிறப்பதற்குள் எங்களுக்கு இரண்டாவது ஆசிரியர் வந்துவிட்டார்.

அதன்பிறகு ஊரில் கறுப்புத் தரை போடாத வீடு குறைவு. பெண்களுக்குக் கோலம் எடுப்பாக விழுகிறதாம். முதலில் உதறிய தலைவரே பட்டறைக்கு வந்தார். புதிதாக மச்சு வீடு கட்டப்போவதாகவும், கான்கிரீட் கூரை முழுக்க பாயின் சிமென்ட்தான் என்றும் சொன்னார். பாய் ஜாஸ்தி யோசிக்கவில்லை.

"வேணாம் தலைவரே. செவுரு, தொட்டி, தரை எல்லாத்துக்கும் இது கம்மி இல்ல. தலைக்கு மேல போறதுக்கு இது ஆவாது. நீங்க பர்மிட்டுக்கே காத்திருங்க."

"நானே கேக்கறேன், நீ வேணாங்கறியே!"

"நீங்க கீழ படுத்துத் தூங்குவீங்க. எனக்குத் தூக்கம் வராது" என்றார். தலைவர் கோபித்துக்கொண்டு போய், மறு வருடம் பர்மிட் சிமென்ட்டில் கூரை போட்டு, கிரகப்பிரவேசத்துக்கு பாயை முதல் பந்தியில் உட்காரவைத்தார். பாய் சாப்பிட்டு முடித்து இலையை எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளில் கட்டுப்பாடு தளர்ந்து, சிமென்ட் கடைகளில் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தது. பீப்பாய் சுற்றுவது நின்றது. நான் வருத்தப்பட்டேன், அவர் படவில்லை. "கெடைக்குதுன்னா நல்லதுதானே டீச்சரம்மா. எதுக்கு ஊட்ல அரைக்கணும்?" என்றார். ஆனால் ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. அத்தனை பெரிய சிமென்ட் ஆலை எதைக் கொட்டும்? எங்கே கொட்டும்?

தெற்கே ஒரு சிமென்ட் ஆலைக்குப் பக்கத்து ஊரில்தான் மகளும் மருமகனும் குடியிருந்தார்கள். ஒரு கோடை விடுமுறையில் பேரனைப் பார்க்கப் போகும்போது பாயும் பாயம்மாவும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போன மறுநாளே பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. மூவரும் ஆலைக்குப் போனோம். முன்வாசலில் பூந்தோட்டம், நீரூற்று. காவலாளி, "என்ன வேணும் பெரியவரே?" என்றார்.

"பின்பக்கம் எப்படிங்க போறது?"

காவலாளி ஒரு மாதிரி பார்த்துவிட்டு மதில் ஓரமாகக் கையைக் காட்டினார். அந்த மதில் முடிவதாகத் தெரியவில்லை. வெயிலில் நடந்தோம். பாயம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக அவரைத் திட்டினார். ஒருவழியாகப் பின்வாசல் வந்தது. தார்ப்பாய் மூடிய லாரிகள் வரிசையாக நின்றன. பாயின் நடை வேகமாயிற்று. முதல் லாரியின் டிரைவரிடம் போனார்.

"இத எங்க கொட்டுவீங்க?"

"கொட்றதா? உள்ள எறக்குறதுக்குங்க."

"உள்ளயா? இன்னா சரக்கு?"

"சாம்பலு. கரி எரிச்சு கரண்ட் எடுக்குறாங்கல்ல, அந்த மின்நிலையத்துச் சாம்பலு. இவங்க வாங்கி சிமென்ட்டுல கலக்குறாங்க."

பாய் தார்ப்பாய் மேல் கையை வைத்தார். பிறகு கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டார். டிரைவர் தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பாய் விரலிடுக்கில் தேய்த்தார்.

"மாவாட்டம் இருக்குதே! யாரு அரச்சாங்க?"

"அரைக்கிறதில்லைங்க. எரியும்போதே இப்படித்தான் வரும்."

"அரைக்கவே வேணாமா!" என்று கத்தினார் பாய். "ஏம்மா, கேட்டியா? அரைக்கவே வேணாமாம்! நான் பொழுதன்னிக்கும் பீப்பாய உருட்டிகினு கெடந்தேனே!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லாரியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னவென்றே தெரியாமல் டிரைவரும் சிரித்தார். பின்னால் நின்ற லாரிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். விஷயத்தைக் கேட்ட ஒருவர், "உள்ள பாக்கணுமா பெரியவரே? ஏறுங்க, கிளீனர்னு சொல்லிக்கலாம்" என்றார். அடுத்த நிமிடம் எங்களை ரோட்டில் விட்டுவிட்டு பாய் லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக மந்திரிபோலக் கையசைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேப்பமரத்தடி டீக்கடையில் நானும் பாயம்மாவும் வேர்க்கடலை தின்றுகொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது அவர் புருவம் வரை சாம்பல் படிந்து, சுண்ணாம்பு அடித்த சிலை மாதிரி இருந்தார். பாயம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "இன்னா பாத்துகினு வந்தீங்க?"

"எல்லா எடமும் சுத்திட்டேன். அவங்க கொட்ற எடத்தக் காட்டுங்கடான்னா ஒருத்தனுக்கும் தெரியல" என்றார் பாய். "இரும்பு ஆலையில இருந்து ஒரு கசடு வருதாம், கரண்ட்டுல இருந்து சாம்பலு வருதாம், எல்லாம் உள்ளதான் போவுது. ஊரெல்லாம் கொட்றத அவன் துன்னுகினு இருக்கான் டீச்சரம்மா!"

டீக்கடைக்காரர் விவரம் கேட்டார். பாய் கடப்பாரையிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் குதித்தார். லாரிக்காரர்கள் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் பஸ் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை விசில் கொடுத்தார். பாய் அப்போதுதான் ஜெர்மன்காரரைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போகிற இடத்துக்கு வந்திருந்தார். பாயம்மா எழுந்திருக்கவில்லை, என்னையும் எழுந்திருக்க விடவில்லை. "போவட்டும் டீச்சரம்மா, அடுத்த பஸ்ஸு இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு டீ சொன்னார்.